ஓணான் எலும்பில் வயது பார்த்தவள்

எலும்பு வெட்டுகிற வேலை என்று சொன்னால் விருத்தாசலத்தில் யாரும் கறிக்கடை என்றுதான் நினைப்பார்கள். அதனால் கேட்பவர்களிடம் திரௌபதி, "காலேஜுல வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் மட்டும் அதோடு விடமாட்டாள்.

"காலேஜுல என்னாடி வேல? பெருக்குறியா, பாடம் நடத்துறியா?"

"ஓணானுக்கு வயசு பாக்குறன்க்கா" என்று ஒருநாள் திரௌபதி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

சொர்ணாம்பாள் அடுப்பில் வைத்த பாலை மறந்து சிரித்தாள். "ஏன்டி, ஓணானுக்குப் பொண்ணு பாக்கப் போறாங்களா? அப்பிடியே சாதகமும் எழுதிக் குடுத்துடு. பொருத்தம் பாத்துடலாம்."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கும் திரௌபதிக்குத்தான் வசவு விழுந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திரௌபதி செராமிக் கம்பெனியில்தான் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைக்குப் பிசிறு சீவும் வேலை. மூக்கும் காதும் உடையக் கூடாது, விரல் அழுந்தின தடம் தெரியக் கூடாது. கை அவ்வளவு லேசாக இருக்க வேண்டும். அவள் சீவிய பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடைந்ததே இல்லை என்று மேஸ்திரி சொல்வார். அந்தக் கம்பெனி நொடித்து மூடியபோது, அவள் கணவன் கொளஞ்சிநாதனுக்கு வேறொரு கம்பெனியில் சூளை வேலை கிடைத்தது. மின்கம்பத்துக்குப் போகிற பீங்கான் குமிழ்களை அடுக்கிச் சுடும் வேலை. அவளுக்குக் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராக இடம் கிடைத்தது. கண்ணாடிப் பாத்திரம் கழுவவும், புட்டிகளைத் துடைக்கவும் என்றுதான் எடுத்தார்கள்.

பெண்ணாடத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த இளமதிதான் அந்தக் கையைக் கண்டுபிடித்தாள். இளமதிக்குப் பாடம் எல்லாம் தெரியும். கை மட்டும் நடுங்கும். மெழுகில் பதித்த எலும்பைச் செக்‌ஷன் மிஷினில் வைத்து, சருகைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். இளமதி சீவினால் கிழிந்துபோகும். ஒருநாள் எரிச்சலில் அவள் எழுந்து போய்விட, மேசையைத் துடைக்க வந்த திரௌபதி மிஷினின் பிடியை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். பொம்மைக்குப் பிசிறு சீவுகிற அதே வேகம். மெழுகு ரிப்பன்போல நீளமாக இறங்கியது. திரும்பி வந்த இளமதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யக்கா, நிறுத்தாதீங்க. அப்பிடியே சுத்துங்க. கடவுளே, சுத்துங்க."

அன்றிலிருந்து அது திரௌபதியின் வேலையாகிவிட்டது.

ஓணானுக்குப் பிறந்தநாளை யாரும் குறித்து வைப்பதில்லை. அதன் வயது அதன் எலும்பில் இருக்கிறது. இரை கிடைக்கிற மாதங்களில் எலும்பு வளரும். இரை வற்றிப்போகிற காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். நின்ற இடத்தில் மெல்லிய கருங்கோடு விழும். மழை வந்து பூச்சி பறந்தால் கோட்டுக்கு வெளியே மறுபடி வளரும். கோடுகளை எண்ணினால் வருஷம், இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிற அகலத்தைப் பார்த்தால் அந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தது என்பது தெரியும். இதற்கு ஓணானைக் கொல்ல வேண்டியதில்லை. நுனிவிரலில் ஒரு கணு போதும். இளமதி நீளக் குச்சியின் முனையில் நூல் சுருக்குக் கட்டி, வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானின் கழுத்தில் மாட்டித் தூக்குவாள். நீளம் அளந்து, விரல் நுனியை நறுக்கி, மருந்து தடவி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள். விரல்கணு புட்டியில் திரௌபதியிடம் வரும். அவள் அதை ஆசிட்டில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, கீரைத்தண்டு பதத்துக்கு வந்ததும் மெழுகில் பதித்துச் சீவுவாள். சீவியது ஊதாச் சாயம் ஏறி மைக்ரோஸ்கோப்புக்குப் போகும்.

இளமதி இரண்டு இடத்தில் ஓணான் பிடித்தாள். ஒன்று பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லைகள். மற்றொன்று திரௌபதி முன்பு வேலைசெய்த அந்த மூடிய கம்பெனி. உடைந்த பீங்கானும் சுட்ட மண்ணும் குவிந்து, ஒரு புல்கூட முளைக்காத வெட்டவெளி. கொல்லையில் பிடித்தவை நீளமாக இருந்தன. கம்பெனியில் பிடித்தவற்றில் பாதிக்குமேல் சுண்டுவிரல் தடிமனில் ஒல்லியாக இருந்தன. அவற்றின் புட்டிகளில் 'குட்டி' என்று எழுதி ஒட்டினார்கள். குட்டி எலும்பு சீக்கிரம் ஊறும் என்பதால் திரௌபதி அவற்றை ஆசிட்டிலிருந்து சீக்கிரம் எடுத்து, மெழுகில் பதித்து, மிஷினில் வைத்தாள்.

கத்தி எகிறியது. மெழுகு நொறுங்கியது.

"மதிம்மா, இங்க வாங்க. கத்தி எடுக்க மாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்குது."

"குட்டிதானக்கா? இந்நேரம் கத்திரிக்கா மாதிரி வெட்டணுமே. பழைய ஆசிட்டா?"

"காலையில கலக்குனது."

மறுபடி ஊறவைத்து, மறுநாள் சீவி, இளமதி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். நிமிரவே இல்லை. பிறகு ஒரு கையால் திரௌபதியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள். ஊதா வட்டத்தின் ஓரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெருக்கியடித்துக் கிடந்தன.

"இது குட்டியில்லக்கா. கெழவன்."

"இம்மாத்துண்டு இருந்துக்கினு கெழவனா?"

"சோத்துக்கில்லாத கெழவன். ஒவ்வொரு வருசமும் வளர ஆரம்பிக்கிறதுக்குள்ள நின்னு போயிருக்குது." இளமதி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "உருவத்த வெச்சி வயசு சொல்லக் கூடாதுன்னு மொதல் பாடத்துலயே படிச்சவ நான். அதயேதான் செஞ்சி வெச்சிருக்கன்."

'குட்டி' என்று ஒட்டிய சீட்டுகளையெல்லாம் இருவரும் நகத்தால் சுரண்டி எடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் திரௌபதி அதைச் சொல்ல, கொளஞ்சிநாதன் வெண்பாவை முதுகில் சுமந்துகொண்டு கூடம் முழுக்கத் தவழ்ந்தபடி, "கெழ ஓணான் வருது, கெழ ஓணான் வருது" என்று விளையாட்டுக் காட்டினான். வெண்பா அவன் காதைப் பிடித்துக்கொண்டு கத்திச் சிரித்தாள்.

வெண்பா அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. விருத்தாசலம் ஜங்ஷனில், தண்ணீர்க் குழாயின் பக்கத்து பெஞ்சுக்கு அடியில், காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தவள். ரயில்வே போலீஸ் எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. பேச்சில்லை. எது கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வாள். எடையையும் உயரத்தையும் பார்த்து, இரண்டரை வயது இருக்கலாம் என்று எழுதினார்கள். யாரும் தேடி வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் திரௌபதியும் கொளஞ்சிநாதனும் வளர்ப்புப் பிள்ளைக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். குழந்தை இல்லத்திலிருந்து அழைத்து வந்த அன்று, ஆட்டோவில் அவள் திரௌபதியின் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடியே தூங்கிப்போனாள். பேச ஆரம்பிக்கப் பல மாதம் ஆனது. பேசிய முதல் சொல் 'அம்மா' அல்ல, 'இன்னும்'. தட்டில் சோறு தீர்ந்திருந்தது.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. காகிதப்படி வெண்பாவுக்கு ஐந்தரை. தத்து எடுக்கிற காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. தை மாதத்தில் முன்பல் ஒன்று விழுந்தபோது, திரௌபதி அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் வீசினாள். "அஞ்சர வயசுல பல்லு வுழுதா? கெட்டிக்காரிதான்" என்றாள் சொர்ணாம்பாள். திரௌபதிக்குப் பெருமையாக இருந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் கூட்டம் நெரிந்தது. முழுகி எழுந்து, பழமலைநாதரைக் கும்பிட்டு, கடைத்தெருவில் காத்தாடி வாங்கிக்கொண்டு மூவரும் திரும்பும்போது, ஒருத்தி பின்னாலேயே வருவதைக் கொளஞ்சிநாதன் கவனித்தான். மெலிந்த பெண். கையெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கீறல். கரும்பு வெட்டுகிற கை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"யாருங்க? என்னா வேணும்?"

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. வெண்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தாடையைத் தொடப் போன கையைத் தொடாமலே இழுத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு மாதிரியே இருக்குதுங்க" என்றாள்.

வெண்பா திரௌபதியின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அவள் பெயர் பச்சையம்மாள். சின்னசேலத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர். ஒவ்வொரு வருஷமும் கணவன் பாவாடையோடு பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்ட வருகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, ஜங்ஷனில் சேலம் வண்டியில் கூட்டத்தோடு முண்டியடித்து ஏறினார்கள். பிள்ளையை அவன் தூக்கியிருக்கிறான் என்று அவளும், அவள் தூக்கியிருக்கிறாள் என்று அவனும் நினைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பெட்டி. சின்னசேலத்தில் இறங்கியபோதுதான் இருவர் கையிலும் பிள்ளை இல்லை. அங்கேயே புகார் கொடுத்தார்கள். பெயர் அஞ்சலை, வயது நாலு. இங்கே கிடைத்த பிள்ளைக்கு எழுதியிருந்தது இரண்டரை. நாலு வயதுப் பிள்ளையைத் தேடியவர்களுக்கு யாரும் இரண்டரை வயதுப் பிள்ளையைக் காட்டவில்லை.

இதெல்லாம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வைத்துத் தெரியவந்தது. அங்கிருந்த அதிகாரியம்மா நிதானமானவர்.

"ஒங்க பொண்ணுக்கு இப்ப ஏழு முடிஞ்சிருக்கணும். இந்தப் புள்ளைக்கு அஞ்சர. மொதல்ல வயசு பாப்பம்மா. அது பொருந்துனா ரத்தம் எடுக்கலாம். பொருந்தலன்னா, வளக்கறவங்கள மேற்கொண்டு அலைக்கழிக்கறது நியாயமில்ல, புள்ளைக்கும் நல்லதில்ல. என்னா சொல்றீங்க?"

பச்சையம்மாள் தலையாட்டினாள். திரௌபதியும் தலையாட்டினாள். ஒருத்தி தலையாட்டியது இன்னொருத்திக்கு எதிராக என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் படி இறங்கினார்கள்.

வெண்பாவின் கைக்கும் மணிக்கட்டுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் வளர்ச்சி ஐந்தரையிலிருந்து ஆறு வயதுக்குரியது என்று டாக்டர் எழுதினார். போஷாக்கைப் பொறுத்து ஒன்றிரண்டு வருஷம் கூடக்குறைய இருக்கலாம் என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார். முதல் வரி போதுமாக இருந்ததால் அடுத்த வரியில் யார் கண்ணும் நிற்கவில்லை. கொளஞ்சிநாதன் அன்றே கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தான். வரும்போது அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தான்.

எக்ஸ்ரே படத்தைத் திரௌபதி பீரோவில் வைக்கப் போனாள். வைக்கிறதற்கு முன்னால் சும்மா ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பிடித்தாள். குட்டிக் கை. வெண்பாவின் கை உள்ளே இப்படி இருக்கிறது என்ற ஆசையில்தான் பார்த்தாள்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பின் குறுக்கே, மயிரிழைபோல வெள்ளைக் கோடு. அதற்கு மேலே இன்னொன்று. இன்னும் மேலே, மங்கலாக, வேறொன்று.

அவள் படத்தை இறக்கிவிட்டாள். மறுபடி தூக்கவில்லை. புடவைகளுக்கு அடியில் செருகி பீரோவைப் பூட்டினாள்.

கோடு என்றால் என்ன என்று தெரியாதவளாக இருந்திருந்தால் அவள் ஜாங்கிரி தின்றிருப்பாள். அந்த வாரம் முழுக்க அவள் சீவிய மெழுகு ஒழுங்காக இறங்கவில்லை. கடைசியில் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் இளமதியின் மேசைமேல் வைத்தாள். இளமதி வெளிச்சத்தில் பார்த்தாள். படத்தைத் திருப்பி மறுபடி பார்த்தாள்.

"சொல்லுங்க மதிம்மா."

"மனுசங்களுக்கு வருசத்துக்கு ஒரு கோடுன்னு விழாதுக்கா. ஓணான் மாதிரி எண்ண முடியாது."

"அப்ப இது என்னா?"

"கொழந்த பட்டினி கெடந்தாலோ, பெரிய காய்ச்சல் வந்தாலோ எலும்பு வளர்றது நிக்கும். திரும்ப வளரும்போது இப்பிடிக் கோடு தங்கும். எத்தன வயசுன்னு சொல்லாது. நின்னு நின்னு வளந்திருக்குன்னு மட்டும் சொல்லும்."

"நின்ன காலத்த விட்டுட்டுத்தான எக்ஸ்ரேல வயசு வரும்?"

இளமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டருக்கும் அது தெரியும்க்கா. அதான் கூடக்கொறைய இருக்கலாம்னு எழுதியிருக்காரு. ஒண்ணும் உறுதியில்ல. எங்கிட்ட இத நீங்க காட்டவேயில்லன்னு வெச்சிக்குங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன்."

"ம்" என்றாள் திரௌபதி. படத்தை மறுபடி பைக்குள் வைத்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சையம்மாள் வீட்டுக்கே வந்து நின்றாள். கொளஞ்சிநாதனுக்கு முகம் மாறியது. அவள் அவசரமாகக் கும்பிட்டாள்.

"சண்டைக்கு வரலீங்க. மன்னிப்புக் கேக்க வந்தன். வெட்டு முடிஞ்சிடுச்சு, சாயங்காலம் ஊருக்குப் போறம். அவரு வரல, வெக்கப்படறாரு. எங்களால ஒங்களுக்கு எவ்ளோ அலைச்சல். எக்ஸ்ரேயே சொல்லிடுச்சு. நாந்தான் தப்பா நெனச்சிட்டன்."

அவள் பையில் இரண்டு கரும்புத் துண்டு இருந்தது. கொளஞ்சிநாதனின் மனசு இளகிவிட்டது. பயம் போனவனுக்கு வருகிற தாராளம். "உள்ள வாங்கம்மா. பரவால்ல, புள்ளய தொலச்சவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும். டீ குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் தரையில் உட்கார்ந்தாள். கரும்பைப் பல்லால் சீவி, சின்னச் சின்னத் துண்டாகக் கடித்து வெண்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். வெண்பா கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு சப்பினாள்.

"நல்லா வளத்திருக்கீங்க. கன்னமெல்லாம் எப்பிடி இருக்குது பாருங்க" என்றாள் பச்சையம்மாள். "எம் பொண்ணு இப்பிடி இருக்காது. நாலு வயசுல தூக்குனா கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். அது பொறந்த வருசம் மழ இல்ல, வேல இல்ல. எனக்கே கஞ்சி இல்லாதப்ப அதுக்கு எங்கருந்து பாலு? அப்புறம் மஞ்சக்காமால வந்து கெடந்துச்சு. பால்வாடி டீச்சரு எட போடும்போதெல்லாம் என்னத் திட்டும், புள்ளயா வளக்குற, எலி வளக்குறன்னு. இப்ப யாரு கையில கெடச்சிருக்குதோ. நல்ல எடமா இருந்தா இந்நேரம் ஒசரமா வளந்திருக்கும். இந்தப் பாப்பாவவுட ஒரு சாண் ஒசரமா இருக்கும்." அவள் கையை வெண்பாவின் தலைக்கு மேலே வெறுங்காற்றில் வைத்து உயரம் காட்டினாள். காற்றிலேயே அந்தத் தலையைத் தடவுவதுபோல இருந்தது.

திரௌபதி டீத்தம்ளரை அவள் முன்னால் வைத்தாள். கை அவ்வளவு லேசாக இருந்தும் தம்ளர் தரையில் தட்டிச் சிந்தியது.

பச்சையம்மாள் குடித்துவிட்டு எழுந்தாள். "போயிட்டு வரேங்க. பாப்பா, போயிட்டு வரட்டா?" வெண்பா கையாட்டினாள். அவள் வாசலில் செருப்பை மாட்டினாள். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்ததால் குனிந்து ஊக்கைச் சரிசெய்ய நேரம் பிடித்தது. அந்த நேரம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரௌபதிக்கு இன்றைக்கும் தெரியாது.

"இருங்க" என்றாள்.

பச்சையம்மாள் நிமிர்ந்தாள்.

"ஆபீசுல போயி ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. எக்ஸ்ரேல தெரியிறது வயசில்ல, வளத்தி. சோறில்லாத புள்ளைக்கு எலும்பு பின்தங்கித்தான் இருக்கும். கோடு இருக்குது. நான் பாத்தன். டாக்டரே கூடக்கொறையன்னு எழுதியிருக்காரு. நானும் வந்து சொல்றன்."

பச்சையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கொளஞ்சிநாதனுக்குப் புரிந்துவிட்டது. அவன் எழுந்து, வெண்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அன்று அவன் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது.

"ஓணான வெட்டி வெட்டி ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவ கெளம்பிட்டாடி! செருப்பு மாட்டிட்டா! நீ பேசாம நின்னிருந்தா என்னா கொறஞ்சிருக்கும்?"

"அவுங்க தேடிக்கினே இருப்பாங்க."

"தேடட்டும்! நம்ம புள்ளயா அவுங்கள தொலைக்கச் சொல்லுச்சு?"

"வேற எங்கயோ ஒசரமா இருக்குன்னு தேடுவாங்க. அது இங்கதான் இருக்குது."

"அது ஒனக்கென்னாடி?"

தர்மம், நியாயம் என்றெல்லாம் அவள் நினைத்துப் பேசவில்லை. பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். பார்த்ததைப் பார்க்காததாக்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கொளஞ்சிநாதன் அவளோடு நேராகப் பேசுவதை விட்டான். "ஒங்கம்மாகிட்டச் சோறு போடச் சொல்லு" என்று வெண்பாவிடம் சொல்வான். "ஒங்கப்பாவ சட்டய அவுத்துப் போடச் சொல்லு, தொவைக்கணும்" என்று இவள் சொல்வாள். வெண்பா இரண்டு பேருக்கும் நடுவே ஓடி ஓடிச் சேதி சொன்னாள். புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

ரத்தம் பொருந்தியது.

பிள்ளை பழக வேண்டும் என்று அதிகாரியம்மா இடையில் கொஞ்சக் காலம் விட்டார். வாராவாரம் பச்சையம்மாளும் பாவாடையும் ஊரிலிருந்து வந்து போனார்கள். பாவாடை வாசலோடு நின்றுகொள்வான். வெண்பாவுக்குப் பச்சையம்மாள் 'கரும்பு அத்தை'. நீ அவளிடம்தான் போகப் போகிறாய் என்று அதிகாரியம்மா பொறுமையாக விளக்கியபோது, வெண்பா, "எத்தன நாளுக்கு?" என்று கேட்டாள். தெருவில் திரௌபதியை நல்லவள் என்றார்கள். அந்தச் சொல் அவளுக்கு எரிந்தது. சொர்ணாம்பாள்தான் மனசில் உள்ளதைச் சொன்னாள். "மடியில இருந்த ஒண்ணயும் எடுத்துக் குடுத்துட்டியேடி, பாவி." சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

கடைசி நாள் சேலம் வண்டிக்கு எல்லோரும் ஜங்ஷனுக்கு வந்தார்கள். கொளஞ்சிநாதன் மட்டும் வரவில்லை. சூளையில் நெருப்பு வைத்தாயிற்று, விட்டுவர முடியாது என்று யாரோ ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். காலையில் வெண்பா தூங்கும்போதே அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுப்பாமல் போய்விட்டான்.

திரௌபதி பையைப் பச்சையம்மாளிடம் கொடுத்தாள். "ரசஞ்சோறுன்னா தின்னுடும். கத்திரிக்கா ஆவாது, சொறி வரும். இடி இடிச்சா காதப் பொத்தணும், நாமதான் பொத்தணும், அது பொத்திக்காது. தலைக்குக் குளிச்சா அன்னிக்கே துவட்டிக் காய வெச்சிடுங்க, இல்லன்னா இருமும்."

பச்சையம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பாடம் கேட்கிற பிள்ளைபோல உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தயங்கி, "என்னா பேரு சொல்லிக் கூப்புடறதுங்க?" என்றாள்.

"அஞ்சலன்னே கூப்புடுங்க. மொதல்ல ரெண்டும் சேத்துக் கூப்புட்டாத்தான் திரும்பும்."

வண்டி வந்தது. இந்தத் தடவை பாவாடை பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கி, மற்ற எவரையும் முந்தவிடாமல் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பச்சையம்மாள் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். வெண்பா வெளியே நின்ற திரௌபதியைப் பார்த்தாள். அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் மேல் ஒரு கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் முகத்தில் அடித்தது.

"அம்மா, தண்ணி" என்றாள்.

திரௌபதியின் கை தோளில் இல்லாத பைக்குப் போய், பாதியில் நின்றது. புட்டி பச்சையம்மாளின் மடியில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பச்சையம்மாள் அதை எடுக்கவில்லை. 'அம்மா' என்ற அந்தச் சொல் தன்னைச் சேர்ந்தது அல்ல என்று, பதில் சொல்ல வேண்டியவளைப் பார்த்தபடி, ஒதுங்கி இடம் விட்டவள்போலக் காத்திருந்தாள்.

திரௌபதி ஜன்னல் கம்பிக்கு அருகே போனாள்.

"ஒங்களத்தான் கூப்புடுறா" என்றாள்.

பச்சையம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு அவசர அவசரமாக மூடியைத் திருகினாள். தண்ணீர் பிள்ளையின் கவுனில் சிந்தியது. வெண்பா இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்து, திரௌபதியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தாள்.